பார்க்கில் தொலைந்த மாதா

எழுதத் தெரியாமல் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதன் பிறகு நான் எழுதியது கிறிஸ்துமசுக்கு அனுப்பும் நத்தார் வாழ்த்துமட்டை மட்டும்தான். மறதியும் கூடிவிட்டது. நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியை அறை அறையாகத் தேடுகிற ஆள் நான். ஆனாலும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் ரீச்சர், வயதுபோன ஆட்கள் ஜெர்மனிக்கு வந்த புதிதில் நடந்ததை எழுதித் தரவேண்டும், புத்தகமாகப் போடப் போகிறோம் என்று கேட்டார். வாயால் சொல் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் என் பெயரே எனக்கு மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வையுங்கள். பீலெஃபெல்டில் மகளும் மருமகனும் இருந்த மாடிவீட்டில் நானும் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ரோட்டைக் கடந்தால் பார்க். குளம், வாத்துகள், பெரிய புல்வெளி, வயதான மரங்கள். எனக்கு அப்போது விசா என்று ஒழுங்காக ஒன்றும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித் தரும் கடதாசிதான். சீருடை போட்டவரைக் கண்டாலும் பயம். சீருடை போடாமல் உற்றுப் பார்க்கிறவரைக் கண்டால் அதைவிடப் பயம்.

என்னிடம் ஒரு மடு மாதா பதக்கம் இருந்தது. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. எங்கள் பக்கத்தில் அதைப் பதக்கம் என்று சொல்லுவதில்லை, மாதா என்றுதான் சொல்லுவோம். ‘மாதாவைக் கழுத்தில் போடு’, ‘மாதாவைப் படுக்கைக்குப் பக்கத்தில் வை’ என்று. என் கணவர் மடுக் கோயில் ஆடித் திருவிழா ஒன்றில் கடையில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினார். ஒன்று எனக்கு, மற்றது அவருடைய தங்கைக்கு, அதாவது என் மச்சாளுக்கு. அசல் வெள்ளி என்று சொல்லித்தான் தந்தார்.

என்னுடைய மாதாவில் விளிம்போரமாக ஒரு பள்ளம் இருந்தது. என் மூத்த மகனுக்குப் பல் முளைக்கும் நேரம், மடியில் கிடந்துகொண்டு என் கழுத்துக் கயிற்றை இழுத்து மாதாவைக் கடிப்பான். அப்படிக் கடித்துக் கடித்து விழுந்த பள்ளம். அந்த மகன், நாங்கள் இந்தியாவுக்குப் படகு ஏறிய அன்று ‘பின்னாலை வாறன்’ என்றவன். வரவில்லை. அதற்குப் பிறகு ஒருவர் ஒரு கதை சொன்னார், இன்னொருவர் வேறு கதை சொன்னார். அவனுடைய படங்கள் வைத்திருந்த பெட்டி கடலோடு போய்விட்டது. அவனுடையது என்று என்னிடம் மிஞ்சியது அந்தப் பல்லடையாளம்தான். செபம் சொல்லும்போது பெருவிரல் நகத்தை அந்தப் பள்ளத்தில் வைத்துக்கொள்வேன். கயிறு இற்றுப்போன பிறகு மாதாவைச் சட்டையின் உட்பக்கம் ஊக்கில் கொளுவி வைத்திருந்தேன்.

இனி பார்க்கில் கண்ட ஒரு கருவிக்காரரின் கதைக்கு வருகிறேன்.

கோடை முடிகிற நேரம் ஒரு காலையில் பார்க்குக்குள் போனால், காதில் கோப்பைகளைக் கவிழ்த்த மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் புல்வெளியில் நடக்கிறார். கையில் நீளத் தடி. தடியின் நுனியில் தட்டு மாதிரி ஒன்று. அதால் நிலத்தைத் தடவித் தடவிப் போகிறார். எனக்குக் கால் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கருவியோடு ஆள் நடந்தால், அந்தக் காணிக்குள் கோழியைக்கூட விடமாட்டோம். கல்லுப் போட்ட பாதையை விட்டு ஒரு அடி விலகாமல் திரும்பி வந்து மச்சாளுக்குப் போன் எடுத்தேன். மச்சாள் இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிற வேலை.

“மச்சாள், பார்க்கிலை கண்ணிவெடி பாக்கினம். உம்மட பிள்ளையளை அந்தப் பக்கம் விடாதையும்.”

“ஆர் பாக்கிறது? ஆமியோ?”

“ஒரு கிழவன். தனிய.”

“இருக்கும் மச்சாள். இஞ்சையும் அந்த நாள் சண்டையிலை போட்ட குண்டு நிலத்துக்குள்ளை கிடக்காம். எங்கட ஹோட்டல் பக்கமும் ஒருக்கா ஒண்டு கிளம்பி, சனத்தையெல்லாம் எழுப்பினவங்கள்.”

“அப்ப ஏன் கயிறு கட்டேல்லை? ஏன் ஒரு கிழவனைத் தனிய விட்டிருக்கிறாங்கள்?”

“பென்ஷன் எடுத்தவனைத்தான் விடுவாங்கள். வெடிச்சாலும் நட்டமில்லையெல்லோ.”

இப்படித்தான் மச்சாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். நான் அவரைவிட மூத்தவள், ஆனால் கதையில் அவர்தான் மூப்பு.

பிறகு ஒரு நாள் கல்லுப் பாதையில் நின்று பார்த்தேன். கருவிக்காரர் முழங்காலில் இருந்து சின்னக் கரண்டி மாதிரி ஒன்றால் நிலத்தைக் கிண்டினார். நான் கண்ணை மூடி மாதாவைச் சட்டைக்கு மேலால் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் எதையோ எடுத்துத் துப்பித் துடைத்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். பார்த்துவிட்டு இடுப்புப் பைக்குள் போட்டார். வெடிப்பயம் அன்றோடு போயிற்று. ஆனால் அந்தச் சுற்றுமுற்றும் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. நேர்மையான ஆள் எதற்கு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்?

வெடியில்லை என்று தெரிந்ததும் நான் மறுபடி இலை பிடுங்கப் போனேன். மஞ்சள் பூப் பூத்து, பிறகு பஞ்சாகப் பறக்கிற செடி இங்கே எல்லாப் புல்வெளியிலும் இருக்கிறது. இலை விளிம்பு அரம் மாதிரி. கொஞ்சம் கசக்கும். ஆனால் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவோடு வறை வறுத்தால் சோற்றுக்கு நல்ல சோக்காக இருக்கும். ‘லோவன்ட்சான்’ என்று பெயராம். சிங்கப்பல் என்று அர்த்தம் என மகள் சொன்னாள். மருமகன் மட்டும் தொடமாட்டார்.

“மாமி, உது நாய் கால் தூக்கின இலை.”

அவரோடு நான் நேரே பேசுவதில்லை. மகளைப் பார்த்து, “கழுவினனான் எண்டு சொல்லு” என்றேன்.

அப்படி இலை பிடுங்கப் போன ஒரு நாள்தான் அது நடந்தது. பெரிய மரத்துக்கும் குளத்துக்கும் இடையில் உள்ள புல்லில் குனிந்து நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன். கோட்டைக் கழற்றினால் ஊக்கு வாயைத் திறந்துகொண்டு தொங்குகிறது. மாதா இல்லை.

திரும்பி ஓடினேன். இருட்டும் மட்டும் தேடினேன். அடுத்த நாளும் தேடினேன். அதற்கடுத்த நாள் போனால் புல்வெட்டும் மெஷின் அந்த இடமெல்லாம் ஓடி முடிந்திருந்தது. அதைவிட மோசமாக, அதே மரத்துக்கும் குளத்துக்கும் இடையில் கருவிக்காரர் தடவிக்கொண்டு நின்றார்.

மகளிடம் சொல்லவில்லை. அவள் அந்த நேரம் பிள்ளைத்தாய்ச்சி. அதோடு அந்த வீட்டில் அண்ணன் கதை எடுத்தால் அவள் எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுவிடுவாள். மச்சாளுக்கு மட்டும் சொன்னேன்.

“அவன் எடுத்திருப்பான் மச்சாள்,” என்றார் மச்சாள், நான் சொல்லி முடிக்குமுன்னே. “வெள்ளியெல்லோ. கருவி வெள்ளியைக் கண்டால் விடுமே?”

அதன் பிறகு நான் ஒவ்வொரு நாளும் பார்க் வாங்கில், அந்த நீள மர இருக்கையில், போய் இருந்து அவரைப் பார்த்தேன். சேலைக்கு மேல் கோட்டு, தலையில் மருமகனின் கம்பளித் தொப்பி. அவர் என்னைக் கண்டால் மெல்ல மெல்ல மற்றப் பக்கம் நகர்வார். நான் எழும்பி மற்ற வாங்குக்குப் போவேன். அவர் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். ஒரு முறை கொஞ்ச நாளாக வரவேயில்லை. கள்ளனுக்குத்தானே கண் குறுகுறுக்கும் என்று நினைத்தேன். விற்கப் போயிருப்பான், வெள்ளியை உருக்கியிருப்பான் என்றெல்லாம் நினைத்தேன். உருக்கினால் பள்ளமும் போய்விடும்.

“சும்மா பாத்துக்கொண்டிருந்தால் தருவானே? கேளுங்கோவன்,” என்றார் மச்சாள்.

“எனக்கு டொச் பாஷை தெரியாது.”

“ரெண்டு சொல்லுத்தானே. மாதா எண்டால் முட்டர். துலைஞ்சு போச்சு எண்டால் வெக். முட்டர் வெக். கத்தோலிக்கன் எண்டால் விளங்காமல் போகாது.”

“நீரும் வாரும்.”

“எனக்கு வேலை மச்சாள். பயப்பிடாதேங்கோ, கடிக்கமாட்டான்.”

வழி முழுக்க முட்டர் வெக், முட்டர் வெக் என்று செபமாலை மாதிரிச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் அன்று வந்திருந்தார். கிட்டப் போனதும் என் நெஞ்சு அடித்த அடியில் அவருடைய கருவியே கத்தியிருக்கும். அவர் காதுக் கோப்பையைக் கழற்றினார். நான் நிலத்தைக் காட்டினேன்.

“முட்டர்,” என்றேன். “முட்டர் வெக்.”

அவர் என்னைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார். நான் இன்னொரு முறை விரலை நீட்டி நிலத்தைக் காட்டி, “மைன முட்டர்” என்றேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உடனே அவர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றினார். மண் ஒட்டின கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். “மைன் பைலைட்,” என்றார், மெல்லிய குரலில். பிறகு கருவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்தில் அதற்குமேல் தடவவேயில்லை.

அந்தச் சொல்லை மறக்காமல் வாயில் வைத்துக்கொண்டு நேரே மச்சாள் வீட்டுக்குப் போனேன்.

“மைன் பைலைட் எண்டால் என்ன?”

மச்சாள் கரண்டியைக் கீழே வைத்தார். “அப்பிடியோ சொன்னவன்? லைட் எண்டால் மன்னிப்பெல்லோ! நான் ஹோட்டலிலை வண்டிலாலை ஆரையும் இடிச்சால் ‘டுட் மியர் லைட்’ எண்டுதான் சொல்லுறனான். மன்னிப்புக் கேட்டிருக்கிறான் மச்சாள்!”

“தொப்பியையும் கழட்டினவன்.”

“பாத்தியளே! எடுத்தது அவன்தான். வாயாலையே ஒப்புக்கொண்டிட்டான்.”

ஒப்புக்கொண்ட மனிதன் ஏன் தரவில்லை என்று நாங்கள் இரண்டு பேரும் யோசித்தோம். விற்றிருப்பான் என்றார் மச்சாள். அதன் பிறகு கருவிக்காரர் என்னைக் கண்ட இடமெல்லாம் தலையைக் குனிந்தார். முன்பு ஓடினவர் இப்போது ஓடவில்லை. நின்று, தொப்பியைத் தொட்டு, தலை குனிந்து நிற்பார். குற்றமுள்ள நெஞ்சு என்றால் இப்படித்தான் என்று எனக்கு முழு நிச்சயம். ஆனால் நிச்சயம் வந்து என்ன பிரயோசனம்? பொலிசுக்குப் போக என் கடதாசிக்குத் துணிவில்லை.

கல்லறைத் திருநாள் வருவதற்குக் கொஞ்சம் முந்தி, அவர் கருவி இல்லாமல் வந்தார். கையில் ஒரு பை. நான் இருந்த வாங்குக்கு நேரே வந்து, பையிலிருந்து சிவப்பு உறையும் மூடியும் போட்ட மெழுகுதிரி ஒன்றை எடுத்து எனக்குப் பக்கத்தில் வைத்தார். தலையைக் குனிந்தார். போய்விட்டார்.

அந்தத் திரி என்ன என்று கத்தோலிக்க வீட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இங்கே அதைக் கல்லறையில் மட்டும்தான் வைப்பார்கள். வாயைத் திறந்தால் உனக்கும் இதுதான் என்று சொல்லாமல் சொல்கிறானோ? விட்டுவிட்டு வரவும் பயம், கொண்டு வரவும் பயம். கடைசியில் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து என் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். மருமகன் செருப்புத் தேடும்போது அது அகப்பட்டது.

“இஞ்சேர், மாமி கட்டிலுக்குக் கீழை கல்லறை விளக்கு வைச்சிருக்கிறா!”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்கு மேல் மறைக்க ஏலாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டர் வெக் என்று நான் சொன்ன இடம் வந்ததும் மருமகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

“அம்மா, பைலைட் எண்டால் மன்னிப்பில்லை. செத்த வீட்டிலை சொல்லுறது. உங்கட அம்மா செத்துப்போனா எண்டு அந்த மனுசன் துக்கம் விசாரிச்சிருக்குது.”

“என்ர அம்மா செத்து எத்தினை காலம்!”

“அது அவருக்குத் தெரியுமோ? நீங்கள் நிலத்தைக் காட்டி அழுதால்?”

மருமகன் அறையை விட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். மகள் சிரிக்கவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் இருந்தாள்.

“ஏன் எனக்கு முந்தியே சொல்லேல்லை? அதிலை அண்ணான்ரை பல்லெல்லோ இருந்தது.”

அந்த வீட்டுக்குள் அவள் அண்ணன் என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகள், மச்சாள், நான், மூன்று பேருமாகப் பார்க்குக்குப் போனோம். மகள் அவரிடம் போய் ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காதுவரை சிவந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நான் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

“அம்மா, அவரும் உங்களைக் கண்டுதான் பயந்தவராம். இந்தப் பார்க்கிலை தேட அவரிட்டை அனுமதியில்லையாம். நகரசபை உங்களைக் காவலுக்கு விட்டிருக்குது எண்டு நினைச்சவராம்.”

“என்னையோ? சேலையோடையோ?”

“அதுதான் நல்ல கெட்டித்தனம் எண்டு நினைச்சாராம்.”

சுற்றும் முற்றும் பார்த்ததன் காரணம் அதுதான். ஆனால் எனக்குச் சந்தேகம் அதோடு தீரவில்லை. சிரிக்கிற ஆள் எடுக்கமாட்டான் என்று என்ன சட்டமா? அவர் அதைக் கண்டுகொண்டாரோ என்னவோ, பையிலிருந்து ஒரு புகையிலைத் தகரத்தை எடுத்துத் திறந்து என் மடியில் வைத்தார். அவ்வளவு காலமும் அந்தப் பார்க்கில் எடுத்ததெல்லாம் அதற்குள் இருந்தது. ராசா காலத்துச் சின்னக் காசுகள், பச்சை பிடித்த செப்புக் காசுகள், நாய்க்கு வரி கட்டினால் கழுத்தில் போடுகிற தகடு, டிராமுக்குக் கொடுத்த வில்லை. ஓட்டை போட்ட ஒரு வில்லையைக் காட்டி, வீட்டில் குளிக்கும் அறை இல்லாத சனம் பொதுக் குளிப்பிடத்தில் கொடுக்கிற டோக்கன் என்றார். ஜெர்மன்காரர் வீட்டில் குளிக்கும் அறை இல்லாத காலமா? அதையும் நான் நம்பவில்லை. தகரத்தின் அடிவரை விரலால் கிளறிப் பார்த்தேன். மாதா இல்லை.

“வெள்ளி எண்டால் கருவி கணீரெண்டு மணி மாதிரிக் கத்துமாம்,” என்றாள் மகள். “அந்த இடத்திலை மணிச் சத்தம் கேட்ட எல்லாத்தையும் கிண்டிப்போட்டாராம். அதே மாதிரி ஒண்டு காட்ட ஏலுமோ எண்டு கேக்கிறார்.”

மச்சாள் அன்று பூசைக்குத் தன் மாதாவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கழற்றிக் கொடுத்தார். கருவிக்காரர் அதைப் புல்லில் வைத்து, காதுக் கோப்பையின் வயரைப் பிடுங்கிவிட்டு, எங்களுக்கும் கேட்கிற மாதிரித் தட்டை அதற்கு மேல் ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு முறை ஆட்டினார். இல்லை. பிறகு ஒரு திருகியைத் திருப்பினார். தவளை தொண்டையைக் கனைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“அலூ,” என்றார்.

“அலுமினியமாம்,” என்றாள் மகள்.

“ஆற்றை மாதா அலுமினியம்?” மச்சாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ர அண்ணர் வெள்ளியெண்டு வாங்கித் தந்தது!”

“உம்மட அண்ணர்தானே. என்ர கலியாணச் சேலையையும் காஞ்சிபுரம் எண்டுதான் சொன்னவர்,” என்றேன்.

“செத்த மனுசனை ஏன் இழுக்கிறியள்? கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்.”

“ஓமோம். அண்ணருக்கு ஒண்டும் தெரியாது.”

கருவிக்காரர் இதற்குள் மகளுக்கு விளங்கப்படுத்தினார். பார்க் முழுக்கச் சொக்கலேட் சுற்றின ஈயத்தாளும் சோடாத் தகரப்பேணியில் இழுத்தெறிகிற வளையமுமாம். அவை எல்லாம் இந்தத் தவளைச் சத்தம்தானாம். அதைக் கிண்டினால் ஒரு நாளில் இடுப்பு முறிந்துவிடும் என்று, அந்தச் சத்தமே வராமல் திருகியை அடைத்து வைத்துவிடுவாராம். அவருக்கு அது குப்பைச் சத்தம். என் மாதாவுக்கு மேலால் எத்தனை தரம் நடந்து போனாரோ, அவருக்கே தெரியாது.

நான் அப்போதும் கருவியை நம்பவில்லை. ஒரு திருகியைத் திருப்பினால் வெள்ளியும் அலுமினியமாகலாம்தானே? வீட்டுக்கு வந்து மச்சாளுடைய மாதாவை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பாரமேயில்லை. இவ்வளவு காலமும் நெஞ்சில் சுமந்த எனக்கு அது எப்படிப் பாரமாக இருந்ததோ தெரியாது. பிறகு என் தோட்டைக் கழற்றிக் கடித்துப் பார்த்தேன். அதுவும் அவர் வாங்கித் தந்ததுதான். தோடு பவுன்தான், அந்த மட்டில் நல்லது. ஒன்று மட்டும் யோசித்தேன். வெள்ளி என்றால் அப்போதுதான் முளைத்த பாற்பல்லுக்குப் பள்ளம் விழுந்திருக்காது. அலுமினியம் என்றபடியால்தான் அவனுடைய பல் அதில் நின்றது.

கருவிக்காரர் அடுத்த நாள் தொடங்கினார். திருகியைத் திறந்து விட்டு, மரத்திலிருந்து குளம்வரை நூல் கட்டி, பாத்தி பாத்தியாகத் தடவினார். கருவி தவளைக் குளம் மாதிரிக் கத்தியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலில் இருந்து கிண்டி, புல்லைத் திரும்ப மூடி, எடுத்ததைப் பையில் போட்டார். வளையம், வளையம், ஈயத்தாள், வளையம். நான் வாங்கில் இருந்து அவர் கையை விட்டுக் கண் எடுக்கவில்லை. இப்போது கண்டாலும் மறைக்கலாம்தானே. அவர் ஒவ்வொன்றையும் எடுத்து எனக்குத் தெரிகிற மாதிரித் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பையில் போட்டார். என் முகத்தில் சந்தேகம் அவ்வளவு வடிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படிப் பல நாள் போயிற்று. மழை வந்தது. மர இலை எல்லாம் விழுந்து நூலை மூடியது. ஒரு நாள் மச்சாள் வேலையால் வந்து என்னோடு வாங்கில் இருந்தார்.

“மச்சாள், காணாட்டில் என்ன செய்யிறது? கெவலார் மாதா கோயில் யாத்திரையிலை புதுசு வாங்கலாமே?”

“அதிலை பல்லிருக்குமோ?”

மச்சாள் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய்ச் சால்வையைச் சரிசெய்தார். “கால் விறைக்குது, எப்பன் நடந்திட்டு வாறன்” என்று எழும்பிப் போனார். கருவிக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவர் கிண்டி வைத்த மண்ணைக் குனிந்து பார்த்தார். சப்பாத்துக் காலால் இலையை அங்கும் இங்கும் தள்ளினார். பிறகு திரும்பி வந்து இருந்தார்.

அவர் வந்து இருந்து அதிக நேரமில்லை. கருவிக்காரர் கையைத் தூக்கிச் சத்தம் போட்டார்.

ஓடிப் போனேன். வயதை மறந்து ஓடினேன். அவர் பெருவிரலால் மண்ணைத் துடைத்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். மாதா. புல்வெட்டும் மெஷின் அடித்ததாக்கும், நடுவால் வளைந்து, ஒரு பக்க விளிம்பு நசிந்து கிழிந்திருந்தது. பள்ளம் இருந்த பக்கம்தான் கிழிந்த பக்கம். என்னைவிட முதலில் மச்சாள்தான் ஓவென்று அழுதார். “கண்டாச்சு, கண்டாச்சு” என்று கருவிக்காரரின் மண் கையைப் பிடித்து ஆட்டினார். அவர் தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் அழுதேன். அன்று அழுதது உண்மை.

நகத்தை வைத்துப் பார்த்தது வீட்டுக்கு வந்துதான். நசிந்த விளிம்பில் நகம் பதிகிறது. ஆனால் நசிந்த எதிலும் நகம் பதியும்தானே. அவ்வளவு காலம் ஈர மண்ணுக்குள் கிடந்த மாதாவின் எழுத்து இடுக்குகளில் ஏன் ஒரு துளி மண்ணும் இல்லை? அவர் துடைத்ததால் என்று சொல்லலாம். பெருவிரல் ஊசி முனையா, எழுத்துக்குள் போய்த் துடைக்க? அலுமினியத்தைச் சப்பாத்துக் குதியால் மிதித்தாலும் நசியும். அன்று மச்சாள் போட்டிருந்தது கட்டைக் குதிச் சப்பாத்து.

கருவிக்காரர் தந்த கல்லறை விளக்கை மகள் வீணாக்கவில்லை. கல்லறைத் திருநாளில் தகப்பனுக்கென்று பால்கனியில் கொளுத்தினாள். அண்ணனுக்கென்று கொளுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் அதற்குப் பிறகும் பார்க்குக்கு வருவார். என்னைக் கண்டால் “முட்டர் குட்?” என்று கேட்பார். “குட்” என்பேன். பிறகு ஒரு வருசம் அவரைக் காணவில்லை, அதன் பிறகும் காணவில்லை. நல்ல மனுசன் என்றுதான் இன்றைக்குச் சொல்லுவேன். என் சந்தேகம் இப்போது அவர்மேல் இல்லை.

மச்சாளை அதற்குப் பிறகு அந்த மாதாவோடு நான் பார்க்கவில்லை. பூசைக்கு வருவார், கழுத்தில் வேறு சங்கிலி. ஒரு முறை கேட்டேன். “அது பெட்டிக்குள்ளை பத்திரமாய்க் கிடக்கு மச்சாள். எனக்கும் துலைஞ்சால் ஆர் கிண்டுறது?” என்று சிரித்தார். ‘எடுத்துக் காட்டும்’ என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அது என்ன கேள்வி? நீ அன்பில் செய்தது களவு என்று சொல்லுகிற கேள்விதானே. எந்த மாதா என்றாலும் மாதாதான் என்று சுவாமியார் சொல்லுவார். எனக்கு அப்படியில்லை. எனக்குப் பல்லுத்தான் முக்கியம்.

ரீச்சர், இதில் நான் பிழையாக எழுதியதைத் தெரிந்த ஆட்களிடம் கேட்டுத் திருத்துங்கள். கருவி வெள்ளிக்குக் கத்துகிற சத்தமும், பூவின் பெயரும், நான் ஜெர்மன் சொல்லுகளை எழுதிய விதமும் சரியோ தெரியாது. இன்னொன்றையும் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் மச்சாளின் பேரப்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிற வீட்டில், செப மேசையில் நீலப் பெட்டி ஒன்று இருக்கும். திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம். அவர் செபமாலை எடுக்கத் திறக்கும்போது, உள்ளே வளையாத மாதா ஒன்று கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மச்சாளுக்கு இப்போது வாசிக்கக் கண் தெரியாது, ஆனால் யாராவது வாசித்துக் காட்டிவிடுவார்கள். அதனால் பெட்டியைப் பார்த்த பிறகே இதை அச்சுக்குக் கொடுங்கள். கிடந்தால் என் கழுத்தில் இருப்பது என்னுடையதுதான். கிடக்காவிட்டால் என் மாதா இன்னும் அந்த மரத்துக்கும் குளத்துக்கும் இடையில்தான் கிடக்கிறது. அப்படியென்றால் எனக்கு உடனே சொல்லுங்கள். அந்தக் கருவி இப்போது கடையிலேயே விற்கிறதாம், மகள் சொன்னாள்.